இரு போர்களுக்கு இடையில் விழுந்தவர்கள்

புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று உயிர்விட்ட மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்களில் சிவச்சந்திரனும் ஒருவர். அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். எதிரியின் கையால் விழுந்தவரை ஊரும் நாடும் மறப்பதில்லை. போரே நடக்காத காலத்தில் சீருடையோடு விழுந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

பூபேந்திர சிங், அமர்ஜித் சிங் என்ற இரண்டு பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இந்திய விமானப்படை பிறந்தது 1932 அக்டோபர் 8-ல். அன்று விமானிகளாகப் பதவியேற்ற இந்திய அதிகாரிகள் ஐந்தே பேர். இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்று தேறியவர்கள். அவர்களில் இருவர்தான் இவர்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-ல் கராச்சியின் டிரிக் ரோடில் முதல் ஸ்குவாட்ரன் உருவானது. கையில் இருந்தவை நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள்.

வாபிட்டி, முதல் உலகப் போர்க்காலத்து விமானம் ஒன்றின் உதிரிபாகங்களையே பயன்படுத்திச் செலவைக் குறைப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. இரட்டை இறக்கை, இரண்டு இருக்கைகள், தலைக்கு மேல் கூரை கிடையாது. தரைப்படைக்குத் துணைநிற்பதுதான் அந்த ஸ்குவாட்ரனின் வேலை. கம்பங்களுக்கிடையே கட்டிய செய்திப் பையைத் தாழப் பறந்து கொக்கியால் தூக்குவதும் அதில் அடக்கம். அவ்வளவு தாழ்வில் இன்ஜின் ஒருகணம் திணறினாலும் சுதாரித்துக்கொள்ள உயரம் இருக்காது. இந்தியனால் விமானம் ஓட்ட முடியுமா என்ற சந்தேகம் ஆங்கிலேய அதிகாரிகளிடம் உலவிய காலம் வேறு.

ஸ்குவாட்ரன் தொடங்கிய 1933-லேயே வாபிட்டி விபத்தில் இருவரும் இறந்தார்கள். ஐவரில் இருவர்! சக விமானி சுப்ரதோ முகர்ஜி 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தலைவரானார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அவர் பெயரிலான கோப்பைக்காகக் கால்பந்து ஆடுகிறார்கள்.

இறந்த இருவருக்கும் நினைவுச் சின்னங்களில் இடமில்லாமல் போனதற்குக் காரணம், நாள்காட்டி. டெல்லி இந்தியா கேட்டில் உள்ளவை முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் மாண்டவர்களின் பெயர்கள். சென்னை நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரை, பிறகு 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை இறந்தவர்களையே கணக்கில் கொள்கிறது. 2019-ல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னமோ சுதந்திரத்துக்குப் பிந்தியவர்களுக்கானது. 1933 இவை எதிலும் சேராது.

இது அநியாயம் என்றே நினைக்கிறேன். பயிற்சி இல்லாமல் போர்விமானி உருவாவதில்லை. அந்தப் பயிற்சி இன்றும் உயிர் கேட்கிறது. 2023 டிசம்பர் 4-ல் தெலங்கானாவில் பயிற்சி விமானம் விழுந்து பயிற்றுநரும் பயிற்சி அதிகாரியும் இறந்தார்கள். நம் தாம்பரத்திலும் விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி இருக்கிறது. கற்றுக்கொடுக்க வருபவர்கள் தினமும் கண்ணில் படும்படி, அங்கே பூபேந்திர சிங், அமர்ஜித் சிங் பெயர்களை ஒரு கல்லில் பொறித்து வைக்கலாம். விமானப்படை அதைச் செய்ய வேண்டும்.