கடைசி ஊசிக்குப் பிறகு

தெல்லிப்பழையில் கடைசி மருந்து ஏற்றி இரண்டு மாதமான ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் காணாமற் போனவர். தோட்டமும் இரண்டு பிள்ளைகளும் அவர் பொறுப்பில்.

"மருந்து முடிஞ்சுது தானே, இன்னும் என்ன களைப்பு எண்டு சனம் கேக்குது, தங்கச்சி" என்றார்.

சகோதரிகளே, அது சோம்பல் அல்ல. கீமோதெரபி முடிந்த பின்பும் களைப்பு மாதக்கணக்கில் இருக்கலாம். சில மருந்துகளால் விரல்கள் மரத்து, சூடு தெரியாமற் போகும். இந்த அக்கா சுடுசட்டியை வெறுங்கையால் இறக்கிக் கொப்புளம் போட்டதை வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. மார்பகச் சத்திரசிகிச்சையில் கமக்கட்டு நெறிகளையும் அகற்றியவர்கள், அந்தக் கையால் பாரவாளியை எடுத்த எடுப்பில் இழுக்கக்கூடாது. பயிற்சி செய்து, படிப்படியாகப் பாரத்தைக் கூட்ட வேண்டும். கை வீங்கினால் கிளினிக் நாள்வரை காத்திராமல் காட்டுங்கள்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது, 2013இல் திறந்தார்கள். முன்பு எம்மவர் பலர் மகரகமவுக்கு அலைந்தார்கள். வைத்தியம் கிட்ட வந்துவிட்டது. வீட்டு வேலையைப் பங்குபோடத்தான் ஆளில்லை.

மூத்த மகனைக் கூப்பிட்டேன். அக்கா தயங்கித் தயங்கித் தன் விரல்களை அவனிடம் காட்டினார். அன்று மாலை தண்ணீர் அள்ளியது அவன்தான்.