மஜ்ஜையிலிருந்து இறங்கி வரும் செல்கள்

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் நகரை நோக்கிப் போகும் ரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம் கிளேட்டன். அங்குள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில்தான் ஆலன் டிரவுன்சன் குழுவினர் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை வளர்த்தெடுத்து, அவை நரம்பணுக்களாக மாறுவதை 2000ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து அந்த ஆய்வில் கைகோத்தவர் இலங்கையில் பிறந்த அரிஃப் பொங்சோ. பத்திரிகைகள் அதைக் கொண்டாடித் தீர்த்தன. ஆனால் அதே மெல்பேர்னில், பார்க்வில் பகுதியில், அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் இன்று உலகெங்கும் உண்மையாகவே உயிர் காத்துக்கொண்டிருப்பது அந்த வேலையின் பலன்தான்.

உடம்பில் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு ரத்தம். வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் இருபதாயிரம் கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. காய்ச்சல் வந்தால் வெள்ளணு உற்பத்தி சில மணி நேரத்திலேயே எகிறுகிறது. யார் ஆணையிடுகிறார்கள்? வெள்ளணுக்களைப் பொறுத்தவரை, 1960களின் தொடக்கத்தில் இதற்கு எவரிடமும் பதில் இல்லை.

மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் ரே பிராட்லி என்பவர் எலியின் புற்றுச் செல்களை அகர் கூழில் வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். புற்றுச் செல்கள் வளரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த சாதாரண மஜ்ஜைச் செல்களோ கூழுக்குள் சின்னஞ்சிறு வெண்புள்ளிகளாகத் திரண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு தாய்ச் செல்லிலிருந்து பெருகிய வெள்ளணுக் கூட்டம். அந்தத் தட்டை வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் இருந்த டொனால்ட் மெட்காஃபிடம் அவர் காட்ட, இருவரும் 1966இல் அதை வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் இஸ்ரேலில் லியோ சாக்ஸ் குழுவும் இதைக் கண்டது.

மெட்காஃபைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. மஜ்ஜைச் செல்கள் தாமாகப் பெருகுவதில்லை. கூழுக்கு அடியில் வேறு திசுச் செல்கள் இருந்தால்தான் பெருகின. அப்படியானால் அவற்றிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்து 'பெருகு' என்று சொல்கிறது. அந்தப் பொருளைத் தனியே பிரிப்பதற்கு மட்டும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திசுக்களில் அது இருக்கும் அளவு அவ்வளவு அற்பம். எலி நுரையீரலை ஊறவைத்த நீரிலிருந்து சலித்துச் சலித்து, டோனி பர்ஜெஸ் 1977இல் ஒரு காரணியையும், நிக் நிக்கோலா 1983இல் இன்னொன்றையும் தூய வடிவில் எடுத்தார்கள். இரண்டாவதன் பெயர் ஜி-சிஎஸ்எஃப். ஒவ்வொரு சலிப்பிலும் காரணி எந்தக் குப்பியில் தங்கியிருக்கிறது என்று அறிய ஒரே வழி, அதை மஜ்ஜைச் செல்களுக்கு ஊட்டி, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவதுதான். நுண்ணோக்கியில் குனிந்து அவற்றை எண்ணும் வேலையை மெட்காஃப் தம் வாழ்நாள் முழுக்க விடவில்லை.

ஜி-சிஎஸ்எஃப் தன் ஆணையைச் சொல்லச் செல்லுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் இரண்டைப் பிடித்து அருகருகே இழுத்து வைக்கிறது. ஏற்பிகளின் உட்புற வால்களில் ஒட்டியிருக்கும் ஜாக் என்ற நொதிகள் அப்போது ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. அவை ஸ்டாட் என்ற புரதங்களுக்குப் பாஸ்பேட் முத்திரை குத்துகின்றன. முத்திரை பெற்ற ஸ்டாட் உட்கருவுக்குப் போய் மரபணுக்களைத் திறக்கிறது. செல் பிழைக்கிறது, பிரிகிறது, முதிர்ந்த வெள்ளணுவாகிறது.

1986இல் மனித ஜி-சிஎஸ்எஃப்பின் மரபணு பிடிபட்டதும் பாக்டீரியாவைக் கொண்டு மருந்தாகவே தயாரிக்க முடிந்தது. ராயல் மெல்பேர்ன் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கீமோதெரபியால் சரிந்த வெள்ளணுக்கள் எதிர்பார்த்தபடியே விரைவில் மீண்டன. எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. 1988இல் உல்ரிச் டியூர்சன் கவனித்தார்: ஊசி போட்ட சில நாட்களில், மஜ்ஜைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டிய தாய்ச் செல்கள் ரத்த ஓட்டத்தில் பன்மடங்கு மிதந்துகொண்டிருந்தன. மஜ்ஜையில் இந்தத் தாய்ச் செல்களையும் அவற்றுக்கு மூலமான ஸ்டெம் செல்களையும் பிடித்துவைத்திருக்கும் ஒரு வேதிச் சமிக்ஞையை ஜி-சிஎஸ்எஃப் தளர்த்திவிடுகிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

இதன் பயன் சாதாரணமானதல்ல. ரத்த நோயாளிக்குப் பிறரின் மஜ்ஜையை ஏற்றும் மாற்றுச் சிகிச்சைக்கு, அதுவரை மஜ்ஜை தானம் என்றால் கொடையாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசியால் பலமுறை துளைத்து எடுக்க வேண்டும். இப்போது பெரும்பாலான கொடையாளிகளுக்கு நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி; பிறகு சில மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்தால் போதும். ஒரு கையிலிருந்து போகும் ரத்தத்தை இயந்திரம் சுழற்றி, ஸ்டெம் செல்கள் உள்ள அடுக்கை மட்டும் பையில் சேர்த்துக்கொண்டு, மீதியை மறு கையில் ஏற்றிவிடுகிறது. ஊசி நாட்களில் இடுப்பும் முதுகும் வலிக்கும். எலும்புக்குள் மஜ்ஜை எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதற்கு அந்த வலியே சாட்சி.

மற்றத் திசுக்களின் கதை இவ்வளவு தூரம் வரவில்லை. காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் பிடிஜிஎஃப் என்ற காரணியைக் கொட்டித் இணைப்புத் திசுச் செல்களை வரவழைக்கின்றன. அதைக் களிம்பாக்கி, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு 1997இல் அமெரிக்கா அனுமதித்தது. இஜிஎஃப் என்ற காரணியை வைத்து ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் ஒரு ஜெல்லை விற்கிறது. இவை துணை மருந்துகளே. புண்ணைச் சுத்தம் செய்யாமல், காலுக்கு ரத்த ஓட்டம் இல்லாமல், களிம்பு மட்டும் புண்ணை ஆற்றிவிடாது. மெல்பேர்ன் நிறுவனமான மீசோபிளாஸ்டின் மஜ்ஜைச் செல் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2024 டிசம்பரில்தான். அதுவும் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடையாளியின் செல்கள் உடலைத் தாக்கும்போது ஸ்டீராய்டுக்கும் அடங்காமல் தவிக்கும் குழந்தைகளுக்கு மட்டும்.

இவ்வளவு பொறுமையாக முன்னேறும் துறையில், 'உங்கள் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல், மூட்டுவலி முதல் மறதி நோய் வரை தீர்வு' என்று விளம்பரம் செய்வது கொடுமை. சிட்னியில் 2013 டிசம்பரில், மறதி நோய்க்கென்று கொழுப்பை உறிஞ்சி இப்படியொரு சிகிச்சை செய்துகொண்ட 75 வயது மூதாட்டி ரத்தப்போக்கால் இறந்தார். ஆஸ்திரேலியா விதிகளை இறுக்கியது அதன் பிறகுதான். ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர வேறெதையும் வணிகமாகச் செய்யக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஊரில் இருக்கும் அம்மாவின் மூட்டுக்கு லட்சக்கணக்கில் பணம் அனுப்பும் முன் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிரூபணமான சிகிச்சைக்கோ பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு கொடையாளிகள்தான். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எச்எல்ஏ எனும் திசு அடையாளங்கள் பொருந்த வேண்டும். கூடப் பிறந்தவரோடு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது வாய்க்காவிட்டால், தம் இன வழியில் வந்த அந்நியர்களிடம்தான் பெரும்பாலும் பொருத்தம் கிடைக்கும். உலகப் பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால், ரத்தப் புற்றுநோய் வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ திருநெல்வேலிப் பிள்ளைக்கோ வாய்ப்பு குறைகிறது. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடு இந்தக் குறையைப் போக்கவே பாடுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் பதிந்துகொள்ள, 18 முதல் 35 வயதுக்குள் இருப்பவர் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி அனுப்பினால் போதும். நோபல் பார்க், டாண்டனாங், ஸ்பிரிங்வேல் பக்கத்து வீடுகளில் அந்த வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.