சிறுவணிகத் திசைவியில் கட்டுப்பாட்டு வாயில் அணுகலும் அமைவாக்க மீட்பும்: பேளுக்குறிச்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சிறு வணிக நிறுவனங்களின் இணைய இணைப்பைத் தாங்கி நிற்கும் கருவி, திசைவி எனப்படும் ரவுட்டர் ஆகும். அதன் கடவுச்சொல் தெரியாமற்போனால் கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைப்பதே ஒரே வழி என்று கருதப்படுகிறது. அவ்வாறு செய்யும்போது அந்நிறுவனத்தின் வலையமைப்பு குறித்த ஒரே பதிவும் அழிந்துவிடுகிறது. கட்டுப்பாட்டு வாயில் வழியாக அமைவாக்கத்தை இழக்காமலேயே கருவியை மீட்க இயலும் என்பதையும், அதற்குரிய பழுதறியும் வரிசையையும் சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் இயங்குதளம் கொண்ட திசைவிகளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திசைவி, கட்டுப்பாட்டு வாயில், அமைவாக்கம், கடவுச்சொல் மீட்பு, அறிவியல் தமிழ்.

முன்னுரை

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் வட்டத்தில், கொல்லிமலை அடிவாரப் பகுதியில் அமைந்துள்ள ஊர் பேளுக்குறிச்சி. இங்குச் சனிக்கிழமைதோறும் கூடும் சந்தை மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் முதலிய மளிகைப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய ஊர்களின் வணிகமும் இன்று கணினிப் பட்டியலையும் மின்னணுப் பணப் பரிமாற்றத்தையும் சார்ந்துள்ளது. கூட்டுறவுத் துறையும் இவ்வழியிலேயே செல்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது.

கருவிகள் ஊர்தோறும் சென்றடைந்த அளவிற்கு அவற்றைப் பேணும் அறிவு சென்றடையவில்லை. வெளியூரிலிருந்து வந்து திசைவியை நிறுவிச் செல்பவரோடு கடவுச்சொல்லும் சென்றுவிடுகிறது. பழுது நேரும் நாள் சந்தை நாளாக இருப்பின் அன்றைய வணிகமே தடைபடும். அந்நிலையில் திசைவியின் பின்புறம் உள்ள ஒரு சிறு வாயிலே உரிமையாளருக்கு எஞ்சியிருக்கும் வழியாகும்.

கட்டுப்பாட்டு வாயிலின் இயல்பு

வலையமைப்பு வழியாகத் திசைவியை அணுகுவதற்கு அதன் ஐபி முகவரி, இயங்கும் இடைமுகம், சரியான அமைவாக்கம் ஆகிய மூன்றும் தேவை. கன்சோல் என வழங்கும் கட்டுப்பாட்டு வாயிலுக்கு இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. இது 1960-இல் அமெரிக்க மின்னணுத் தொழிலகச் சங்கம் வெளியிட்ட ஆர்எஸ்-232 என்னும் தொடர்நிலைத் தொடர்பு முறையைப் பின்பற்றுவது. கருவி மின்னிணைப்புப் பெற்ற கணத்திலிருந்தே இவ்வாயில் பேசத் தொடங்குகிறது. ஆகவே வலையமைப்பு முற்றிலும் செயலிழந்த நிலையிலும் இது பயன்படுகிறது.

இவ்வாயிலின் ஆர்ஜே-45 வடிவம் சாதாரண வலையமைப்பு வாயிலை ஒத்திருப்பது குழப்பத்திற்கு முதற்காரணமாகும். இதற்குரிய கம்பிவடம் பெரும்பாலும் வெளிர்நீல நிறத் தட்டை வடிவில் இருக்கும். அதன் எட்டு இழைகளும் மறுமுனையில் தலைகீழாக, முதலாவது எட்டாவதாகவும் இரண்டாவது ஏழாவதாகவும், இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண வலையமைப்பு வடத்தை இதற்கு மாற்றாகப் பயன்படுத்தினால் திரையில் எதுவும் தோன்றாது.

அறிகுறிவழிப் பழுதறிதல்

கணினியின் முனைய மென்பொருளில் நொடிக்கு 9600 பிட் வேகம், 8 தரவு பிட், சமநிலைச் சோதனை இன்மை, 1 நிறுத்த பிட், ஓட்டக் கட்டுப்பாடு இன்மை என்னும் ஐந்து அமைப்புகளும் இருத்தல் வேண்டும். தொடர்பு அமையாதபோது காணப்படும் அறிகுறிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, வெற்றுத்திரை. இதற்குக் காரணம் பெரும்பாலும் திசைவிக்கு வெளியே உள்ளது. இன்றைய மடிக்கணினிகளில் தொடர்நிலை வாயில் இல்லாமையால் யுஎஸ்பி மாற்றி தேவைப்படுகிறது. அதற்குரிய இயக்கி மென்பொருள் நிறுவப்படாமை, மென்பொருளில் தவறான வாயில் எண்ணைத் தெரிவுசெய்தல், போலிச் சில்லு கொண்ட மாற்றியைப் புதிய இயக்கி ஏற்க மறுத்தல் ஆகியன வழக்கமான காரணங்கள். இதனை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்றுண்டு. மாற்றியின் ஒன்பது ஊசி முனையில் 2, 3 ஆகிய ஊசிகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, விசைப்பலகையில் தட்டெழுத வேண்டும். அனுப்பும் இழையும் பெறும் இழையும் இணைவதால், தட்டிய எழுத்துகள் திரையில் திரும்பத் தோன்றினால் கணினியும் மாற்றியும் நலமாக உள்ளன. பழுது வடத்திலோ திசைவியிலோ உள்ளது எனத் தெளியலாம்.

இரண்டாவது, பொருளற்ற குறியீடுகள். இது வேக முரண்பாட்டின் அடையாளம். 9600 வேகத்தில் ஒரு பிட் ஏறத்தாழ 104 மைக்ரோநொடி நீடிக்கும். 115200 வேகத்தில் ஏறத்தாழ 8.7 மைக்ரோநொடியே நீடிக்கும். இருபுறமும் வேறுபட்ட அளவுகோலால் அளக்கும்போது எழுத்து சிதைகிறது. மைக்ரோடிக் நிறுவனத் திசைவிகளின் இயல்பு வேகம் 115200 என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

மூன்றாவது, திசைவியின் செய்திகள் தோன்றியும் தட்டெழுதுவது ஏற்கப்படாமை. வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயக்கத்தில் இருப்பதோ, அனுப்பும் இழை அறுந்திருப்பதோ இதற்குக் காரணமாகும்.

இருவகை அமைவாக்கங்கள்

திசைவியில் அமைவாக்கம் இரு இடங்களில் உள்ளது. தற்காலிக நினைவகத்தில் இருப்பது நடப்பு அமைவாக்கம். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் இருப்பது தொடக்க அமைவாக்கம். கட்டளைகள் இடப்படும்போது முதலாவது மட்டுமே மாறுகிறது. சேமிக்காமல் விட்டால் மாற்றம் பல மாதங்கள் குறையின்றி இயங்கி, ஒரு மின்வெட்டில் மறைந்துவிடும். மின்சாரம் போய் வந்த பிறகு திசைவி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்னும் முறையீட்டின் பின்னணியில் கருவிப் பழுதைக் காட்டிலும் இச்சேமிப்புக் குறையையே முதலில் ஐயுற வேண்டும்.

கடவுச்சொல் மீட்பு

திசைவி தொடங்கும்போது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அமைவாக்கப் பதிவகம் என்னும் எண் தீர்மானிக்கிறது. அதன் வழக்கமான மதிப்பு பதினாறடிமான முறையில் 2102. இதனை 2142 என மாற்றினால், தொடக்க அமைவாக்கத்தைப் படிக்காமலேயே திசைவி எழும். அமைவாக்கம் அழிவதில்லை, புறக்கணிக்கப்படுகிறது என்பதே இம்முறையின் அடிப்படை.

கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கி, முதல் 60 நொடிகளுக்குள் பிரேக் குறிகையை அனுப்பினால் ராம்மான் என்னும் அடிப்படை நிலை தோன்றும். அங்கு ‘கான்ஃப்ரெக்’ கட்டளையால் 2142 என்னும் மதிப்பை இட்டு, ‘ரீசெட்’ கட்டளையால் கருவியை மீளத் தொடங்கலாம். சில யுஎஸ்பி மாற்றிகள் பிரேக் குறிகையை அனுப்புவதில்லை. அப்போது மென்பொருளின் வேகத்தை 1200 ஆக்கி, கருவி தொடங்கும்போது 10 முதல் 15 நொடிகள் இடைவெளி விசையைத் தொடர்ந்து அழுத்தலாம். 1200 வேகத்தில் செல்லும் அவ்வெழுத்தின் தாழ்நிலைப் பகுதி, 9600 வேகத்தில் ஒரு முழு எழுத்திற்குரிய காலத்தைவிட நீள்வதால் திசைவி அதனைப் பிரேக் குறிகையாகவே கொள்கிறது. பின்னர் வேகத்தை மீண்டும் 9600 ஆக்க வேண்டும்.

எழுந்த திசைவி தொடக்க வினாக்களை எழுப்பும். ‘நோ’ என விடையளித்து, ‘எனேபிள்’ கட்டளையால் உயர்நிலை அணுகலைப் பெறலாம். கடவுச்சொல் கேட்கப்படாது. இதற்குப் பின்வரும் கட்டத்திலேயே இழப்பு நேரும் வாய்ப்பு மிகுதி. ‘காப்பி ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் ரன்னிங்-கான்ஃபிக்’ என்பதே இட வேண்டிய கட்டளை. திசையை மாற்றி இட்டால், வெறுமையான நடப்பு அமைவாக்கம் பழைய பதிவின் மேல் எழுதப்பட்டு, அதுவரை காத்த அனைத்தும் அழியும்.

பழைய அமைவாக்கம் வந்தபின், வெளியேறாமல் அங்கேயே புதிய கடவுச்சொல்லை இட வேண்டும். இடைமுகங்கள் மூடிய நிலையில் இருப்பின் ஒவ்வொன்றிலும் ‘நோ ஷட்டவுன்’ இட வேண்டும். பதிவக மதிப்பை மீண்டும் 2102 ஆக்கிய பின்னரே நடப்பு அமைவாக்கத்தைச் சேமிக்க வேண்டும். இம்மதிப்பை மாற்ற மறந்தால் அன்று எல்லாம் சரியாக இயங்கும். அடுத்த மின்வெட்டில் திசைவி மீண்டும் வெறுமையாக எழும்.

‘நோ சர்வீஸ் பாஸ்வேர்ட்-ரெகவரி’ என்னும் கட்டளை முன்பே இடப்பட்டுள்ள கருவியில் இவ்வழி அடைபடும். அமைவாக்கத்தை அழித்தே கருவியை மீட்க இயலும். கட்டுப்பாட்டு வாயில் இல்லாத எளிய திசைவிகளிலும் மீட்டமைப்புப் பொத்தானே எஞ்சும். இவ்விரு நிலைகளிலும் முன்கூட்டி எடுத்துவைத்த நகலே துணையாகும்.

பாதுகாப்பு

கருவியைக் கையால் தொடக்கூடிய எவரும் அதனைத் தம்வயப்படுத்த இயலும் என்பது இம்முறையின் மறுபக்கம். வடத்தைப் பிடுங்குவதால் மட்டும் அணுகல் முடிந்துவிடாது. வெளியேறும் கட்டளை இடப்படாவிடில், இயல்பு அமைப்பில் 10 நிமிடங்கள் வரை அது திறந்தே இருக்கும். எனவே வாடிக்கையாளர் கைக்கெட்டும் இடத்தில் திசைவியை வைத்தலாகாது. பூட்டிய பெட்டியில் வைத்தல் நன்று. அமைவாக்கத்தின் நகலும் கடவுச்சொல்லும் உறையிலிட்டுக் கணக்குப் புத்தகங்களுடன் உரிமையாளரிடமே இருத்தல் வேண்டும். நகலில் இணைய இணைப்பின் கடவுச்சொற்களும் இடம்பெறக்கூடுமாதலால் அதனைக் கைப்பேசிக் குழுக்களில் பகிர்தல் கூடாது.

முடிவுரை

வடம், மாற்றி, வேகம், பதிவகம் எனப் புறத்திலிருந்து அகம் நோக்கிச் செல்வதே பழுதறிதலின் முறை. மீட்டமைப்பு இவ்வரிசையின் இறுதியில் வர வேண்டியது. நடைமுறையில் அது முதலில் வைக்கப்படுவதே இழப்பிற்குக் காரணமாகிறது. பேளுக்குறிச்சி போன்ற ஊர்களில் சரியான கம்பிவடம் ஒன்றும், தமிழில் எழுதப்பட்ட ஒரு பக்கச் செயல்முறைக் குறிப்பும் கடையிலேயே இருந்தால், வெளியூர்ப் பணியாளர் வரும்வரை வணிகம் காத்திருக்க நேராது. அத்தகைய குறிப்புகளை எளிய நடையில் உருவாக்குவது அறிவியல் தமிழின் உடனடிப் பணிகளுள் ஒன்றாகும்.