பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்

சாதி வெறித் தாக்குதலில் கை, கால் செயலிழந்தவருக்கு, வழக்குப் பதிவானாலே நிவாரணம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரந்தர ஊனத்துக்கு அது மட்டும் போதாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்தப்படி, தொகையில் பாதி, மருத்துவப் பரிசோதனை முடிந்து, ஊனத்தை உறுதிசெய்யும் அறிக்கை வந்த பிறகே கிடைக்கும். மீதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகும்போது.

தொகை எவ்வளவு என்பதும் அந்த அறிக்கையைப் பொறுத்ததே. ஊனம் 50 சதவீதத்துக்குக் கீழா, மேலா, முழுமையானதா என்று மூன்று படிகள். பரிசோதனைக்கே போகாதவர் எந்தப் படியிலும் வரமாட்டார்.

கூலி போய்விடும், பஸ்ஸுக்குக் காசில்லை என்று மருத்துவர் வரச்சொன்ன தேதியை விட்டுவிடுவோர் உண்டு. எதிர்த்தரப்புக்கு அதைவிட வசதி வேறில்லை. மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனைச் செலவைத் திரும்பப் பெற 11ஆவது விதியில் இடமிருக்கிறது. ரசீதுகளோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

மருத்துவரிடம் எல்லாக் காயங்களையும் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஊரில் படிக்கும் பிள்ளைகள் யாராவது கூடப் போங்கள். நிவாரணம் சலுகை அல்ல, உரிமை. அதை வாங்கித் தரும் முதல் சாட்சி மருத்துவ அறிக்கை.