மணல் நகரும் கரை: காட்டூர்க்காரர்கள் கையில் இருக்கும் உரிமைகள்

பொன்னேரி வட்டம் காட்டூரிலிருந்து கிழக்கே போனால் முதலில் பக்கிங்காம் கால்வாயும் கழியும் வரும். அப்புறம் காட்டுப்பள்ளி மணல்மேடு, அதற்கும் அப்பால் வங்கக்கடல். அந்த மணல்மேடு அகலம் குறைந்தது. ஆனால் ஊர்க் கிணறு உப்பாகாமல் இருப்பதும், வயலில் நெல் விளைவதும், பழவேற்காடு ஏரியில் இறால் கிடைப்பதும் அது நிலைத்து நிற்பதைப் பொறுத்தவை.

ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறி ஓரளவு நிலைகொண்டது. ஆறுகள் கொண்டுவந்த மணலை அலைகள் கரையோரமாக இழுத்து நீண்ட திட்டுகளாகக் குவித்தன. ஸ்ரீஹரிகோட்டா அப்படி உருவான திட்டு. அதற்குப் பின்னால் தங்கிய நீர்ப்பரப்புதான் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் அதில் நன்னீர் சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் குஞ்சு உள்ளே வரவும், வளர்ந்த இறால் முட்டையிடக் கடலுக்குத் திரும்பவும் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் அடைத்துக்கொண்டால் படகும் போக முடியாது, மீனும் வராது. பறியைக் கட்டிக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அன்றைக்கு வருமானம் இல்லை.

மணல் இங்கே ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை அதை வடக்கே தள்ளுகிறது, வாடைக் காலத்தில் தெற்கே இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். குறுக்கே கடலுக்குள் கல்சுவர் நீண்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 1876-ல் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இதனால்தான். இதே கரையில் 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. இரண்டுக்கும் வடக்கே இருப்பவை களஞ்சி, கருங்காலி, பழவேற்காட்டுக் குப்பங்கள்.

பழி முழுவதையும் துறைமுகங்கள் மேல் போடுவதும் சரியல்ல. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்துக்கு அடியில் 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. ஆற்றில் மணல் அள்ளினால் கரைக்கு வந்து சேரும் மணல் குறைகிறது. கடல் முன்னால் தின்கிறது, உப்பு அடியில் ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் காட்டூர் இருக்கிறது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பதாக இருந்தது. 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பர் 5 அன்று நடக்கவிருந்ததும் தள்ளிப்போனது. தள்ளிப்போன கூட்டம் ரத்தான கூட்டம் ஆகாது. எந்தத் திட்டமானாலும் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஊர் தயாராக இருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை ஏற்பது கலெக்டர் அல்லது அவர் சார்பில் வரும் மூத்த அதிகாரி. முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள், நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். பேச முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். "துறைமுகம் வேண்டாம்" என்ற ஒரு வரியைவிட, எந்த மாதம் எந்த இடத்தில் மீன்பாடு விழுகிறது, எந்த ஆண்டு எந்தக் கிணறு உப்பானது, கரை எங்கிருந்து எங்கே வந்தது என்று எழுதிய மனுவுக்குப் பதில் சொல்லாமல் தப்புவது கடினம்.

வரைபடத்தில் கண் வையுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பு, 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் இருந்தது. அதிகாரிகள் கையாண்ட இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. இந்த வேறுபாடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும் மீன் காயவைக்கும் இடம் போன்ற அவற்றின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. உங்கள் ஊரின் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப்போட்டுக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகத்தின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றாலும் வழி இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதற்குமேல் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களும், பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு முன் முகத்துவாரம், மீன்பாட்டு இடங்கள், கிணறுகள், மீன் காயவைக்கும் களம் எல்லாவற்றையும் வரைந்து, சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஒரு பிரதியைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.