ஆசிரியராகப் படிப்பவருக்கு உதவித்தொகை: அமெரிக்க அனுபவம் சொல்வது என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவித்தொகைகளில் பலவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. வறுமையையோ மதிப்பெண்ணையோ பார்த்துக் கொடுக்கும் சாதாரண உதவித்தொகை, பட்டம் வாங்கியதோடு கணக்கை முடித்துக்கொள்ளும். ஆசிரியர் பயிற்சிக்குத் தரப்படும் தொகையில் கணக்கு தொடங்குவதே பட்டம் வாங்கிய பிறகுதான். இன்ன பாடத்தை, இன்ன வகைப் பள்ளியில், இத்தனை ஆண்டு நடத்தினால் அந்தப் பணம் கொடை, நடத்தாவிட்டால் கடன். கொடைக்கும் கடனுக்கும் நடுவே இருக்கும் அந்த நிபந்தனை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே இத்திட்டங்கள் வென்றும் தோற்றும் வந்திருக்கின்றன.

நிபந்தனைக்குக் காரணம்

ஆசிரியர் பற்றாக்குறை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வசதியான புறநகர்ப் பள்ளியில் தொடக்க வகுப்பு ஆசிரியர் இடம் காலியானால் விண்ணப்பங்கள் குவியும். நகரின் ஏழைப் பகுதிகளிலும் ஒதுக்குப்புறக் கிராமங்களிலும் கணிதம், இயற்பியல், வேதியியல் நடத்த ஆள் கிடைப்பது அரிது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வியிலும், வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைகளுக்கான இருமொழிக் கல்வியிலும் இதே நிலைமைதான். கணிதப் பட்டதாரிக்குக் கணினி நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ தரும் சம்பளத்தைப் பள்ளியால் தர முடியாது. எனவே அரசுகள் படிக்கும் காலத்திலேயே பணம் கொடுத்து, அதற்கு ஈடாகச் சில ஆண்டுப் பணியைக் கேட்கின்றன.

பயிற்சிக் காலத்தின் செலவும் ஒரு காரணம். பட்டம் பெறுவதற்கு முன் ஒரு பருவமேனும் பள்ளி ஒன்றில் முழுநேரமாகக் கற்பித்தல் பயிற்சி எடுக்க வேண்டும். நாள் முழுவதும் வகுப்பறையில் நிற்கும் பயிற்சி ஆசிரியருக்கு வழக்கமாகச் சம்பளம் கிடையாது. அந்தப் பருவத்துக்கும் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டியாக வேண்டும். மாலை வேலைக்குப் போய்ப் படிக்கும் ஏழை மாணவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தொடக்கம்: 1958

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் அமெரிக்காவில் பரவியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கல்லூரி மாணவர்களுக்கு 3 சதவீத வட்டியில், ஆண்டுக்கு 1,000 டாலர் வரை கடன் தர அச்சட்டம் வழிசெய்தது. கடன் வாங்கியவர் அரசுப் பள்ளியில் ஆசிரியரானால் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், அதிகபட்சம் பாதிக் கடன் தள்ளுபடி. ஐந்தாண்டு பாடம் நடத்தியவர் மீதிப் பாதியைக் கட்டினால் போதும்.

இந்தக் கடன் திட்டம் பின்னாளில் பெர்கின்ஸ் கடன் என்ற பெயரில் தொடர்ந்தது. ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளிலோ பற்றாக்குறைப் பாடங்களிலோ ஐந்தாண்டு பணியாற்றியவர்களுக்கு முழுக் கடனும் தள்ளுபடியாகும் அளவுக்கு அது வளர்ந்தது. 2017இல் புதிய பெர்கின்ஸ் கடன்கள் நின்றுபோயின.

வட கரோலினாவின் சோதனை

1986இல் வட கரோலினா மாநிலச் சட்டமன்றம் ‘டீச்சிங் ஃபெலோஸ்’ திட்டத்தை உருவாக்கியது. பள்ளி இறுதி வகுப்பில் சிறந்து விளங்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து நான்காண்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருவது அதன் நோக்கம். தொகை பின்னாளில் ஆண்டுக்கு 6,500 டாலராக, மொத்தம் 26,000 டாலராக இருந்தது. ஈடாக மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் நான்கு ஆண்டு பணியாற்ற வேண்டும். பணத்தோடு கோடைக்காலப் பயிற்சிகள், பள்ளிப் பார்வையிடல்கள், ஆண்டுதோறும் கூடும் சக மாணவர் குழு ஆகியவையும் கிடைத்தன. நல்ல மாணவர்கள் ஆசிரியப் பணியைத் தேடி வருவதற்கு இந்த மதிப்பும் துணைநின்றது.

2011இல் செலவுக் குறைப்பின்போது சட்டமன்றம் இதற்கான நிதியை நிறுத்தியது. ஆசிரியர் பயிற்சிக்கு வருவோர் எண்ணிக்கை சரிந்த பிறகு, 2017இல் அதே சட்டமன்றம் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை அறிவியல், தொழில்நுட்பம், கணிதம், சிறப்புக் கல்வி ஆகிய துறைகளுக்கே அது குறுக்கப்பட்டது.

அறிவியல் பட்டதாரிகளுக்கு நாய்ஸ் உதவித்தொகை

2002இல் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கான சட்டத்தின் வழியே ராபர்ட் நாய்ஸ் ஆசிரியர் உதவித்தொகை தோன்றியது. ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கியவர்களில் ஒருவரும் இன்டெல் நிறுவனத்தின் இணை நிறுவனருமான நாய்ஸின் பெயரை அது தாங்குகிறது. இத்திட்டத்தில் அறக்கட்டளை மாணவருக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. பல்கலைக்கழகங்கள் திட்டம் வகுத்து அறக்கட்டளையிடம் நிதி பெறும். அவையே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். இயற்பியலோ கணிதமோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர், கூடவே ஆசிரியர் தகுதியும் பெற ஆண்டுக்குக் குறைந்தது 10,000 டாலர் கிடைக்கும். உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு ஆண்டு, ஆசிரியர் தேவை மிகுந்த பள்ளி மாவட்டத்தில் பணியாற்ற வேண்டும். மீறினால் பெற்ற தொகை கடனாகும்.

டீச் நல்கை: கொடை கடனான கதை

கூட்டாட்சி அரசின் இன்றைய முக்கியத் திட்டம் டீச் நல்கை. 2007 செப்டம்பரில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி அது உருவாகி, 2008-09 கல்வியாண்டில் தொடங்கியது. ஆண்டுக்கு 4,000 டாலர் என்பது சட்டத்தில் உள்ள தொகை. பொதுச் செலவுக் குறைப்பு விதியால் அண்மை ஆண்டுகளில் கைக்கு வருவது 3,772 டாலர். இளநிலைப் படிப்பு முழுவதற்கும் 16,000 டாலரும் முதுநிலைக்கு 8,000 டாலரும் உச்சவரம்பு. குடும்ப வருமானம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கல்லூரியில் நான்குக்கு 3.25 தரப்புள்ளி சராசரி இருக்க வேண்டும். அல்லது சேர்க்கைத் தேர்வு ஒன்றில் எழுதியவர்களில் முதல் கால்பங்குக்குள் வந்திருக்க வேண்டும்.

பெறுபவர் ஒவ்வோர் ஆண்டும் ஆலோசனை வகுப்பை முடித்து, பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். படிப்பு முடிந்த எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டு, ஏழை மாணவர்கள் மிகுந்த பள்ளி ஒன்றில், தேவை மிகுந்த பாடத்தை முழுநேரமாக நடத்துவதாக அதில் உறுதி தருகிறார். கணிதம், அறிவியல், வெளிநாட்டு மொழி, இருமொழிக் கல்வி, வாசிப்புப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவை நாடு முழுவதும் இந்தப் பட்டியலில் உள்ளவை. தகுதியுள்ள பள்ளிகளின் பட்டியலும் ஆண்டுதோறும் வெளியாகிறது. நிபந்தனை நிறைவேறாவிட்டால் வாங்கிய முழுத்தொகையும் கடனாக மாறும். வட்டி, கடனாக மாறிய நாளிலிருந்து கணக்கிடப்படாது. பணம் கைக்கு வந்த முதல் நாளிலிருந்தே சேரும்.

இந்த விதி பலரைச் சிக்கவைத்தது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதுவரை நல்கை பெற்ற 1,12,000க்கும் மேற்பட்டவர்களில் சுமார் 36,000 பேரின் தொகை கடனாக மாறியிருந்தது. படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் உரிய பள்ளியில் உரிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பணியில் இருப்பதாக ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய சான்று சில நாள் தாமதமானதும், படிவத்தில் ஒரு கையெழுத்தோ தேதியோ விடுபட்டதுமே அவர்கள் செய்த குற்றம். ஒருமுறை கடனாக மாறியதைத் திரும்பக் கொடையாக்க வழி இல்லை என்றே நிர்வாகம் பதில் சொல்லிவந்தது.

2018இல் தேசியப் பொது வானொலி இதைத் தொடர் செய்திகளாக வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் கல்வித் துறை இறங்கி வந்து, பணியை முறையாகச் செய்தவர்கள் மறுபரிசீலனை கோரலாம் என்று அறிவித்தது. 2021 ஜூலையில் விதிகளும் மாறின. ஓர் ஆண்டுச் சான்று அனுப்பத் தவறியதற்காக மட்டும் இப்போது நல்கை கடனாவதில்லை. எட்டாண்டுக் கெடுவுக்குள் நான்காண்டுப் பணியை முடிக்க இனி வாய்ப்பே இல்லை என்ற நிலை வரும்போதோ, பெற்றவரே கேட்டுக்கொண்டாலோதான் மாறுகிறது.

முன்பணமா, பின்தள்ளுபடியா?

படிக்கும்போது பணம் தராமல், பணியாற்றிய பிறகு கடனைக் குறைக்கும் வழியும் உண்டு. ஏழைப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு கற்பித்தவரின் கூட்டாட்சிக் கல்விக் கடனில் 5,000 டாலர் வரை தள்ளுபடியாகும். உயர்நிலைப் பள்ளிக் கணிதம், அறிவியல் ஆசிரியருக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் அது 17,500 டாலர். இதில் பணி முடியும்வரை பயன் இல்லை. ஆனால் கொடை கடனாகிவிடும் அபாயமும் இல்லை. கையில் காசில்லாத மாணவருக்கு முன்பணமே உதவும். எந்தப் பள்ளியில் சேர்வோம் என்று உறுதியாகத் தெரியாதவருக்குப் பின்தள்ளுபடி பாதுகாப்பானது.

பலன் என்ன?

2000 முதல் 2002 வரை கலிஃபோர்னியா மாநிலம் ‘ஆளுநர் ஆசிரிய நல்கை’ என்ற பெயரில் ஒருவருக்கு 20,000 டாலர் கொடுத்தது. தேர்ச்சி குறைந்த பள்ளிகளில் நான்கு ஆண்டு பணியாற்ற வேண்டும். விட்டுப்போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5,000 டாலர் திருப்பித் தர வேண்டும். பின்னர் இதை ஆராய்ந்தவர்கள், நல்கை பெற்றவர்கள் அத்தகைய பள்ளிகளில் சேரும் வாய்ப்பு 28 சதவீதப் புள்ளி கூடியதைக் கண்டார்கள். அப்பள்ளிகளில் சேர்ந்தவர்களில் நல்கை பெற்றவர், பெறாதவர் இரு சாராரிலும் நால்வரில் மூவர் குறைந்தது நான்கு ஆண்டு அங்கேயே நீடித்தார்கள். பணம் வாசல்வரை அழைத்து வந்தது. உள்ளே தங்கவைத்ததில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

வட கரோலினாவின் பழைய திட்டம் பற்றி 2012இல் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அத்திட்டத்தில் வந்த ஆசிரியர்கள் படிப்பில் கெட்டிக்காரர்கள். மற்றவர்களைவிட நீண்ட காலம் பணியில் நிலைத்தார்கள். அவர்களின் மாணவர்களும் பல வகுப்புகளில் நன்றாகத் தேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஒப்பீட்டளவில் வசதியான பள்ளிகளுக்கே அதிகம் சென்றார்கள். எந்த அரசுப் பள்ளியானாலும் சரி என்று ஒப்பந்தம் சொன்னதன் விளைவு அது. கலிஃபோர்னியா பள்ளியைக் குறித்துக் கேட்டது, ஆசிரியர் அந்தப் பள்ளிக்கு வந்தார். வட கரோலினா நல்ல மாணவரைக் கேட்டது, நல்ல மாணவர் வந்தார்.

பல்கலைக்கழக விருதுகளும் பயிற்சி ஊதியமும்

அரசுத் திட்டங்களுக்கு வெளியே, பல பல்கலைக்கழகங்களின் கல்வியியல் புலங்கள் தமக்கென விருதுகள் வைத்திருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் குடும்பங்களும் பழைய மாணவர்களும் ஏற்படுத்திய அறக்கட்டளை நிதிகளிலிருந்து இவை வருகின்றன. தொகை சிறிது, பணி நிபந்தனை பெரும்பாலும் இராது. தரப்புள்ளி, ஒரு கட்டுரை, பேராசிரியரின் பரிந்துரை ஆகியவற்றின் பேரில் கொடுக்கப்படும். 1906இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபை டெல்டா கப்பா, 1911இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கப்பா டெல்டா பை போன்ற கல்வியாளர் அமைப்புகளும் உதவித்தொகை தருகின்றன. வரலாறு, குடிமையியல் நடத்துவோருக்கென 1986இல் நாடாளுமன்றம் அமைத்த ஜேம்ஸ் மேடிசன் நினைவு நல்கை, முதுநிலைப் படிப்புக்கு 24,000 டாலர் வரை தருகிறது.

பயிற்சிப் பருவத்தின் சுமையை நேரடியாகக் குறைக்கும் முயற்சிகள் அண்மையில் கூடியுள்ளன. மிச்சிகன் மாநிலம் 2022இல் ஆசிரியராக விரும்பும் மாணவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை நல்கையும், கற்பித்தல் பயிற்சிப் பருவத்துக்கு 9,600 டாலர் ஊதியமும் அறிவித்தது.

இங்கிலாந்தின் மாற்றுவழி

இங்கிலாந்து பணி ஒப்பந்தத்தை நம்பாமல் பாடத்துக்குப் பாடம் விலை நிர்ணயிக்கிறது. 2024-25ஆம் ஆண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினியியல் ஆசிரியர் பயிற்சிக்கு 28,000 பவுண்டு பயிற்சித் தொகை. இயற்பியல் கழகம், வேதியியல் கழகம் போன்ற அமைப்புகள் தேர்ந்தெடுக்கும் சிறந்த மாணவருக்கு 30,000 பவுண்டு. வரலாற்றுக்கும் தொடக்கக் கல்விக்கும் அந்த ஆண்டு எதுவும் இல்லை. பற்றாக்குறை எந்தப் பாடத்தில் கூடுகிறதோ அதன் தொகையை அரசு ஆண்டுதோறும் கூட்டுகிறது. பயிற்சியை முடித்தவர் ஆசிரியராகாவிட்டாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நிர்வாகச் சிக்கல் குறைவு. போட்ட பணம் வகுப்பறைக்கு வரும் என்ற உறுதியும் குறைவு.

விண்ணப்பிக்கும் முன்

அமெரிக்கக் கூட்டாட்சி உதவிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்குமே உரியவை. மாணவர் விசாவில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்பவர் டீச் நல்கைக்கு விண்ணப்பிக்க முடியாது. அவருக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த விருதுகளும் ஆராய்ச்சி உதவியாளர் பணியிடங்களுமே வழி. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அந்த உரிமை பெற்ற பிள்ளைகளுக்கு எல்லா வாயில்களும் திறந்திருக்கின்றன.

அவர்கள் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை சில. பணியாற்ற வேண்டிய ஆண்டுகள் எத்தனை, அதற்குக் கெடு எவ்வளவு? எந்தப் பள்ளிகள், எந்தப் பாடங்கள் பட்டியலில் உள்ளன? பாதியில் விட்டால் முழுத்தொகை கடனாகுமா, மீதி ஆண்டுக்கு மட்டும் கட்டினால் போதுமா? வட்டி எந்த நாளிலிருந்து? பணிச் சான்றை யார், எப்போது, யாருக்கு அனுப்ப வேண்டும்? தேவை மிகுந்த பள்ளியில் பணியாற்ற உண்மையிலேயே எண்ணம் உள்ளவருக்கு டீச் போன்ற நல்கை நல்ல உதவி. அந்த எண்ணம் உறுதியாக இல்லாதவர் அதைத் தொடக்கத்திலிருந்தே வட்டி ஓடும் கடனாகக் கருதி முடிவெடுப்பதே நல்லது.