முத்தும் மாந்தரும்

சிப்பி எங்ஙனம் முத்தை ஈனுகின்றது என்பதை உயிர்நூல் விளக்கும். அம்முத்தை நாடி மூழ்கிய மாந்தர் கடலை எவ்வாறு கருதினர் என்பதை விளக்குவன இலக்கியம், வரலாறு, மொழிநூல் முதலிய மானிடக் கலைகளே. நம் தூத்துக்குடிக் கரையைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இலக்கியம். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்து உயிரும் தொழிலும் பிறவும் கருப்பொருள், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் எனத் தமிழிலக்கணம் வகுத்தது. நெய்தலுக்கு உரியது இரங்கல். கடல்மேற் சென்றார் மீளுங்காறும் கரையிலிருப்பார் உள்ளம் வேறு எங்ஙனம் இருக்கும்? அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தின் சிறப்பைப் பேசுகின்றன.

வரலாறோ மறுபக்கத்தைக் காட்டும். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'பெரிப்புளூசு' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அங்கு முத்தெடுத்தனர் என்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கொடிய மீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாகக் கூறுகின்றார். அச்சத்திற்கும் ஒரு விலை இருந்தது! பின்னர், தாமிரபரணி கொணர்ந்த வண்டலாற் கடல் விலகவே, கொற்கை உள்நாட்டூராயிற்று. துறைமுகம் காயலுக்கும், பிற்காலத்தே தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

மொழியும் ஒரு சான்றே. சிப்பி செறிந்த கடலடித் திட்டு 'பார்' எனப்படும். ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவாற் கூறுவர். அஃது இரு கைகளையும் விரித்த நீளம். கடலை அளக்கும் கோல் மாந்தன் உடலே என்பது இச்சொல்லால் விளங்கும். வாடை, கொண்டல், கச்சான் என்பன வெறுங் காற்றின் பெயர்கள் அல்ல. தொழிலுக்குச் செல்வதா, கரையில் இருப்பதா என்பதைத் தீர்க்கும் சொற்கள்.

1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துச் சலாபங்களுக்குப் பின் இக்கரையில் பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் சிப்பியுள் முத்தை விளைவித்து வெற்றி கண்டனர். முத்தை விளைவித்தல் கூடும். மறைந்த அறிவை மீண்டும் விளைவித்தல் கூடுமோ? முத்தைப் பாடினோர் எழுதினர், வாங்கினோர் எழுதினர், வரி கொண்டோரும் எழுதினர். மூழ்கினோர் எழுதிவைத்தது மிக அரிது. 1961-இல் இருபது வயதினராய் மூழ்கியோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.

ஆதலின், தமிழ் பயிலும் நாம் விடுமுறை நாட்களிற் குறிப்பேட்டுடன் கடற்கரைச் சிற்றூர்களுக்குச் சென்று, முதியோர் வாய்ச்சொற்களையும், இன்றும் சங்கு குளிப்போர் வழங்கும் சொற்களையும் கேட்டெழுதுவோமாக. நெய்தலை ஏட்டிற் கற்றோர் அதனைக் கரையிலும் கற்றல் கடன்.